14 மாதங்கள் வீட்டில் ஓடிய பைபாப்: மோட்டார் நியூரான் நோய்க்கு வாடகைக்கு எடுத்த கருவியும் கடையும்

மோட்டார் நியூரான் நோய் வந்த எங்கள் அப்பாவுக்காகத் திருச்சியில் ஒரு மருத்துவக் கருவிக் கடையிலிருந்து வாடகைக்கு எடுத்த, மாஸ்க் வழியே காற்றை அழுத்தித் தள்ளி மூச்சுக்கு உதவும் பைபாப் கருவியைப் போன மாதம் திருப்பிக் கொடுத்துவிட்டோம். அதற்கு மூன்று வாரங்களுக்கு முன் அப்பா காலமானார். 14 மாதங்கள் எங்கள் வீட்டில் ஓடிய அந்தக் கருவியையும், அதோடு வந்த மாஸ்க்கையும், இரண்டையும் கொடுத்த கடையின் சேவையையும் பற்றி, இதே நோயோடு வீட்டில் ஒருவரை வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன். அவசரமாகப் படிப்பவர்களுக்கு மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஐந்துக்குக் கருவிக்கு நாலரை, மாஸ்க்குக்கு மூன்று, கடைக்கு இரண்டு. குறட்டைக்காகவும் தூக்கத்தில் மூச்சுக்குழல் அடைபடுவதற்காகவும் இதே பெயரில் கருவி வாங்குகிறவர்களுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. மோட்டார் நியூரான் நோயில் மூச்சு கெடும் விதமே வேறு. அந்த வேறுபாடு தெரியாததால்தான் எங்களுக்கு முதல் ஒன்பது இரவுகள் வீணாயின.

இந்த நோயில் நுரையீரல் நன்றாகவே இருக்கிறது. மூளையிலிருந்தும் தண்டுவடத்திலிருந்தும் தசைகளுக்குக் கட்டளை கொண்டுபோகும் நரம்பணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாக அழிய, அவற்றை நம்பியிருந்த தசைகள் இளைத்துச் சோர்கின்றன. கை, கால், நாக்கு, தொண்டை என்று போகும் அந்த வரிசையில், மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே விரிந்திருக்கும் உதரவிதானமும் ஒருநாள் சேர்ந்துகொள்கிறது. கொல்லன் பட்டறையை நினைத்துக்கொண்டால் எளிதாகப் புரியும்: உலை சரியாக இருக்கிறது, துருத்தி இழுக்கும் கைதான் ஓய்ந்துபோகிறது. உள்ளே போய் வரும் காற்றின் அளவு குறையும்போது முதலில் கெடுவது ஆக்சிஜன் அன்று. வெளியேற வேண்டிய கரியமில வாயு உடம்பில் தேங்குவதுதான் முதலில் நடக்கிறது. அதுவும் தொடக்கத்தில் பகலில் தெரிவதில்லை. கனவு காணும் உறக்கக் கட்டத்தில் மூச்சுக்கு உதவும் மற்ற தசைகளெல்லாம் தளர்ந்துவிட, உதரவிதானம் ஒன்றே தனியாக நின்று மூச்சை இழுக்க வேண்டியிருக்கிறது. அது ஏற்கெனவே பலவீனப்பட்டிருந்தால் கரியமில வாயு அந்த நேரத்தில்தான் ஏறத் தொடங்கும்.

அப்பா 27 ஆண்டுகள் பேருந்து நடத்துநராக இருந்தவர். நோய் அவருக்கு வலது கையில் தொடங்கியது. சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை என்பதுதான் முதல் புகார். பேச்சும் விழுங்குவதும் நன்றாகவே இருந்ததால், கையையும் காலையும் கவனித்துக்கொண்டிருந்த எங்களுக்கு மூச்சைப் பற்றிய நினைப்பே வரவில்லை. காலையில் எழுந்ததும் தலை கனக்கிறது என்பார், எழுந்து உட்கார்ந்து ஒரு மணி நேரத்தில் அது தானாகப் போய்விடும். ஒரு தலையணை இரண்டாகி, இரண்டு மூன்றாகி, கடைசியில் கட்டிலை விட்டு ஈசிச்சேரில் உறங்கத் தொடங்கினார். பகலில் தொலைக்காட்சியில் செய்தி ஓடும்போதே கண் சொருகிவிடும். இரவில் கெட்ட கனவு, பகலில் பசியின்மை. நோய் தெரிந்துவிட்ட மனச்சோர்வு என்றே நாங்கள் முடிவுகட்டியிருந்தோம், ஏனென்றால் கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர் எப்போது மாட்டினாலும் 96, 97 என்றே காட்டியது.

வீட்டுக்கு வந்த பிசியோதெரபிஸ்ட் ஒருவர்தான் ஒரே மூச்சில் எத்தனை வரை எண்ணுகிறார் என்று வாரம் ஒருமுறை குறித்துவைக்கச் சொன்னார். முதல் வாரம் 38. மூன்று மாதத்தில் அது 17 ஆனது. டிக்கெட் கட்டைப் புரட்டுகிற வேகத்தில் எண்ணி எங்களை ஏமாற்றப் பார்ப்பார் அப்பா. நொடிக்கு இரண்டு எண்தான் என்று அம்மா விரலைச் சொடுக்கித் தாளம் வைத்த பிறகு அந்தத் தந்திரம் பலிக்கவில்லை.

நுரையீரல் பிரிவில் செய்த பரிசோதனைகளைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எந்தக் கருவி வேண்டும் என்பதை அந்த எண்களே தீர்மானிக்கின்றன. ஆழமாக இழுத்த மூச்சை முழுவதும் ஊதித் தள்ளும் அளவு, உட்கார்ந்த நிலையில் அப்பாவுக்கு 2.1 லிட்டர், அவர் வயதுக்கும் உயரத்துக்கும் எதிர்பார்க்கப்படுவதில் 62 சதவீதம். அதுவே மல்லாந்து படுத்து ஊதியபோது 1.4 லிட்டராக இறங்கிவிட்டது. படுத்தால் எல்லோருக்கும் சிறிது குறையும். 20, 25 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் உதரவிதானம் தளர்ந்துவிட்டது என்று கொள்ள வேண்டும். ஈசிச்சேர் உறக்கத்துக்கு அப்போதுதான் எங்களுக்கு விளக்கம் கிடைத்தது. அடுத்து ஒரு மூக்குத் துளையில் சிறு அடைப்பானை வைத்து, மறு துளையால் வெடுக்கென்று உறிஞ்சச் சொல்லி அந்த அழுத்தத்தை அளந்தார்கள். உதடு தளர்ந்து ஊதுகுழலைக் கவ்விப் பிடிக்க முடியாதவர்களுக்கு ஊதும் சோதனையைவிட இது பொருத்தமானது என்றார் மருத்துவர். 40 சென்டிமீட்டர் நீர் அழுத்தத்துக்குக் கீழே போனால் கவலைப்பட வேண்டும், அப்பாவுக்கு 36. கடைசியாக அதிகாலையில் மணிக்கட்டுத் தமனியிலிருந்து ரத்தம் எடுத்துப் பார்த்ததில், 35 முதல் 45 வரை இருக்கவேண்டிய கரியமில வாயு அழுத்தம் 56 ஆக இருந்தது. பைகார்பனேட்டும் 32க்கு ஏறியிருந்தது. கரியமில வாயு நாள்கணக்கில் தேங்கியிருந்தால்தான் சிறுநீரகம் அதற்கு ஈடுகட்டப் பைகார்பனேட்டை இப்படிச் சேர்த்துவைக்கும். ஆக்சிமீட்டரில் 96 காட்டிய மாதங்களெல்லாம் உள்ளே நடந்துகொண்டிருந்தது இதுதான்.

ஓர் இடைச்செருகல். நரம்பியல் மருத்துவர் முதல் சந்திப்பிலேயே அப்பாவின் காது கேட்கும் திறனைச் சோதித்தார். இளம் வயதில் தொடங்கி, முகத் தசைகளும் காதும் பாதிக்கப்பட்டு, மிக மெதுவாக நகரும் ஒரு வகை இந்த நோயில் உண்டு. 1970இல் சென்னை மருத்துவர்களான மீனாட்சிசுந்தரம், ஜெகநாதன், ராமமூர்த்தி ஆகியோர் அதைப் பதிவுசெய்ததால் உலகெங்கும் அதற்கு மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய் என்றே பெயர். 61 வயதில் தொடங்கிய அப்பாவுக்கு அது இல்லை.

இனி கடைக்கு வருகிறேன். மருத்துவரின் சீட்டில் பைபாப், எஸ்/டி முறை என்று தெளிவாக எழுதியிருந்தது. நோயாளி இழுத்தால் அதோடு சேர்ந்தும், இழுக்காவிட்டால் குறித்த நேரத்தில் தானாகவும் மூச்சைக் கொடுக்கும் முறை அது. கடையில் இருந்தவர் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "மூச்சு வாங்குதுன்னா முதல்ல ஒரு ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் எடுத்துட்டுப் போங்க சார், பைபாப் அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். அக்கறையோடுதான் சொன்னார் என்றே நினைக்கிறேன். ஆனால் இந்த நோயில் அது ஆபத்தான ஆலோசனை. காற்றைத் தள்ளும் தசை ஓய்ந்திருக்கும்போது வெறும் ஆக்சிஜனை மூக்கில் விட்டால், ஆக்சிமீட்டர் எண் அழகாக ஏறும், மூச்சை முடுக்கிவிடும் மூளையின் உந்துதல் குறையும், கரியமில வாயு மேலும் ஏறி ஆள் மயக்கத்தில் ஆழ்ந்துவிடக்கூடும். மருத்துவர் இதை முன்கூட்டியே எச்சரித்திருந்ததால் நாங்கள் பிழைத்தோம்.

அன்று அவர்கள் கொடுத்தனுப்பிய கருவியின் மேலும் பைபாப் என்றுதான் எழுதியிருந்தது. மூச்சை இழுக்கும்போது அதிக அழுத்தம், விடும்போது குறைந்த அழுத்தம் என்று இரண்டு நிலைகளிலும் அது ஓடவும் செய்தது. ஆனால் நோயாளியே மூச்சை இழுத்துத் தொடங்கிவைத்தால்தான் மேல் அழுத்தத்துக்குப் போகும் வகை அது. குறிப்பிட்ட நேரத்துக்குள் மூச்சு வராவிட்டால் தானாக ஒரு மூச்சைக் கொடுக்கும் வசதி அதில் கிடையாது. குறட்டைக்காரருக்கு அது போதும், ஏனென்றால் அவருடைய மூச்சுத் தசைகள் வலுவாக இருக்கின்றன. ஒன்பதாம் இரவு மூன்று மணிக்கு நான் விழித்துக்கொண்டதற்குக் காரணம் சத்தம் நின்றுபோனதுதான். அதுவரை ஏறி இறங்கி, ஏறி இறங்கி ஒலித்துக்கொண்டிருந்த கருவி, ஒரே சீரான மெல்லிய இரைச்சலாக நின்றிருந்தது. கருவி பழுதாகவில்லை, அப்பாவின் இழுப்பு அதற்குத் தெரியவில்லை, அது காத்துக்கொண்டே இருந்தது. தோளைத் தொட்டதும் அவர் விழித்து இழுத்தார், சத்தம் திரும்ப வந்தது.

மறுநாள் கருவியின் நினைவட்டையை மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டியபோதுதான் முறையே தவறு என்று தெரிந்தது. கடைக்காரர் மாற்றிக்கொடுத்தார், மறுக்கவில்லை. ஆனால் சீட்டில் எழுதியிருந்த இரண்டு எழுத்துகளைக் கடையில் யாரும் படிக்கவில்லை என்பதற்காகவே பாதி மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டேன். இந்த நோய்க்குக் கருவி எடுக்கிறவர்கள், பெட்டியின் மேல் எழுதியிருக்கும் பெயரை நம்பாமல், நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று அமைக்கும் இடம் அதில் இருக்கிறதா என்று கடையிலேயே திறந்து காட்டச் சொல்லுங்கள்.

மாற்றிக் கொடுத்த இரண்டாவது கருவிதான் நாலரை மதிப்பெண் பெற்றது. உள்ளிழுக்கும் அழுத்தம் 10, வெளிவிடும் அழுத்தம் 4 என்று தொடங்கி, மருத்துவமனையில் இருந்தே மூன்று வாரங்களில் 16 வரை உயர்த்தினார்கள். வெளிவிடும் அழுத்தத்தைக் கடைசிவரை ஏற்றவேயில்லை. தொண்டை அடைபடாதவருக்கு அதை ஏற்றினால், எதிர்த்து மூச்சு விடுவதற்கே தசை களைத்துப்போகும். மூச்சு வராவிட்டால் நிமிடத்துக்கு 14 மூச்சுகளைத் தானே கொடுக்கும்படியும், மிக மெல்லிய இழுப்பைக்கூட உணரும்படியும் அமைத்தார்கள். இந்த உணர்திறன் அமைப்பைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாக மெச்சுவேன். அப்பாவின் இழுப்பு ஒரு மெழுகுவத்திச் சுடரை அசைக்கும் அளவுக்குக் குறைந்த பிறகும் கருவி அதைக் கண்டுகொண்டது.

முதல் இரண்டு இரவுகள் அப்பா மாஸ்க்கைக் கழற்றச் சொல்லிக்கொண்டே இருந்தார். யாரோ முகத்தில் ஊதுகிறாற்போல் இருக்கிறது என்றார். பகலில் உட்கார்ந்தபடியே பத்து நிமிடம், இருபது நிமிடம் என்று மாட்டிப் பழக்கினோம். பத்தாம் நாள் இரவு ஆறு மணி நேரம் தொடர்ந்து ஓடியது. காலையில் தலைக்கனம் இல்லை. அன்று அவர் இரண்டாவது தோசை கேட்டதை அம்மா எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். ஆறு வாரம் கழித்து எடுத்த ரத்தத்தில் கரியமில வாயு 46க்கு இறங்கியிருந்தது. ஊதும் சோதனையின் எண் மட்டும் ஏறவில்லை, ஏறவும் செய்யாது. கருவி தசையை மீட்டுத் தருவதில்லை, தசை செய்ய முடியாத வேலையை இரவில் தான் எடுத்துச் செய்கிறது, அவ்வளவுதான். இங்கிலாந்தின் நியூகாசிலில் 41 நோயாளிகளை வைத்து நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில், தொண்டைத் தசைகள் பெரிதும் கெடாதவர்களுக்கு இந்தச் சிகிச்சையால் ஏறத்தாழ 205 நாள் கூடுதல் ஆயுள் கிடைத்தது, வாழ்க்கைத் தரமும் தாங்கி நின்றது. பேச்சும் விழுங்கலும் மிகவும் கெட்டுவிட்டவர்களுக்கு அறிகுறிகள் சற்றுத் தணிந்தாலும் ஆயுள் கூடவில்லை. ஆகவே எங்கள் அனுபவத்தை எல்லாருக்குமான உறுதிமொழியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மாஸ்க்குக்கு மூன்று மதிப்பெண்தான். கருவி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் முகத்துக்கும் ரப்பருக்கும் நடுவே காற்று கசிந்தால் எல்லாம் வீண். கடையில் கொடுத்தது மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் நடுத்தர அளவு. அப்பாவின் மீசை வழியே காற்று ஒழுகி நேராகக் கண்ணில் அடித்தது. காலையில் கண் சிவந்திருக்கும். கசிவை அடைக்க வாரை இறுக்கினோம், ஐந்தாம் நாள் மூக்குத் தண்டில் தோல் உரிந்துவிட்டது. பிறகுதான், இறுக்கக் கூடாது, கருவியை ஓடவிட்டு மாஸ்க்கை முகத்திலிருந்து லேசாகத் தூக்கி மறுபடி உட்கார வைக்க வேண்டும் என்று ஒரு செவிலியர் செய்து காட்டினார். சின்ன அளவுக்கு மாறினோம். 40 ஆண்டுகள் வளர்த்த மீசையை அப்பாவே ஒருநாள் எடுக்கச் சொல்லிவிட்டார். மூக்கை மட்டும் மூடும் மாஸ்க் ஒன்றையும் வாங்கி, ஒருநாள் இது, ஒருநாள் அது என்று மாற்றி மாட்டியதில் புண் ஆறியது. மாஸ்க் வாடகைக்குக் கிடையாது, விலைக்குத்தான். ஒன்று 4,200 ரூபாய் ஆனது.

கை செயலிழந்தவருக்கு முழு மாஸ்க்கில் இன்னொரு சிக்கல் உண்டு, கடையில் யாரும் சொல்லாதது. குமட்டினாலோ, எச்சில் புரையேறினாலோ, கருவி நின்றுவிட்டாலோ அவரால் அதைக் கழற்ற முடியாது. வாசல் அழைப்பு மணியின் கம்பியில்லாப் பொத்தானை வாங்கி அப்பாவின் இடது குதிகாலுக்கு அடியில் மெத்தையோடு சேர்த்துக் கட்டினோம். 350 ரூபாய். இந்த 14 மாதத்தில் வாங்கியவற்றுள் இதற்குத்தான் ஐந்துக்கு ஐந்து.

காற்றை ஈரப்படுத்தும் நீர்த்தொட்டி நன்றாக வேலை செய்தது. குழாய்த் தண்ணீரை ஊற்றினால் இரண்டே வாரத்தில் அடியில் வெள்ளையாக உப்புப் படிந்துவிடும். மருந்துக்கடையில் கிடைக்கும் காய்ச்சி வடித்த நீர்தான் சரி, இன்வெர்ட்டருக்கு ஊற்றும் கேனிலிருந்து ஊற்றிவிடாதீர்கள். அரை மதிப்பெண் குறைந்ததற்குக் காரணம், கருவிக்குள் பேட்டரி இல்லாததுதான். மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகல் முழுவதும் மின்சாரம் நிற்கும் நாட்களில் வீட்டு இன்வெர்ட்டரை நம்பியே இருந்தோம். மின்சாரம் போய் இன்வெர்ட்டர் எடுத்துக்கொள்ளும் அந்த ஒரு கணத்தில் கருவி அணைந்து மறுபடி எழும். இன்வெர்ட்டரின் சுவிட்சை யுபிஎஸ் நிலைக்கு மாற்றியதும் அது நின்றது. நீர்த்தொட்டியின் சூட்டை அணைத்துவிட்டால் பேட்டரி நெடுநேரம் தாங்குகிறது.

கருவியிடம் எதிர்பார்க்கக் கூடாத ஒன்றையும் சொல்ல வேண்டும். மூச்சை இழுக்கும் தசைகளைப்போலவே இருமும் தசைகளும் தளர்கின்றன. இருமலின் வேகம் நிமிடத்துக்கு 270 லிட்டருக்குக் கீழே இறங்கினால், சளி பிடிக்கும்போது உதவி தேவைப்படும் என்பது கணக்கு. பைபாப் அதற்கு எதுவும் செய்யாது. இருமல் உதவிக் கருவியின் விலை எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. கையால் அமுக்கிக் காற்றைச் செலுத்தும், ஒருவழி வால்வு பொருத்திய ஆம்பு பையால் மூச்சின் மேல் மூச்சாக மூன்று முறை காற்றைச் செலுத்தி, அப்பா இருமும் அதே நொடியில் மேல்வயிற்றில் அழுத்திவிடும் முறையைப் பிசியோதெரபிஸ்ட் கற்றுக்கொடுத்தார். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தே அதைச் செய்ய வேண்டும்.

எட்டாம் மாதத்துக்குப் பிறகு பகலிலும் இரண்டு மணி, நான்கு மணி என்று கருவி தேவைப்பட்டது. அழுத்தம் 20ஐ எட்டியபோது காற்று வயிற்றுக்குள்ளும் போய் உப்பிக்கொண்டது. ஊதும் அளவு 50 சதவீதத்துக்குக் கீழே போவதற்குள் வயிற்றில் உணவு செலுத்தும் குழாயை வைத்துவிடுவது நல்லது என்று மருத்துவர் சொன்னதைக் கேட்டு முன்னமே வைத்துக்கொண்டது, அந்த மாதங்களில் உதவியது. உதரவிதானத்தை மின்சாரத்தால் தூண்டும் கருவியைப் பற்றி ஓர் உறவினர் செய்தி அனுப்பினார். பிரிட்டனில் 74 பேரிடம் சோதித்து 2015இல் வெளியிட்ட ஆய்வில், பைபாப்போடு அதையும் சேர்த்து வைத்தவர்கள் சராசரியாக 11 மாதமும், பைபாப் மட்டும் பயன்படுத்தியவர்கள் 22.5 மாதமும் உயிரோடிருந்தார்கள் என்று மருத்துவர் எடுத்துச் சொன்னதோடு அந்தப் பேச்சு முடிந்தது. தொண்டையில் துளையிட்டு வென்டிலேட்டரில் வைக்கலாம் என்ற வழியையும் அவர் மறைக்கவில்லை. ஸ்டீபன் ஹாக்கிங் 1985இல் அந்த அறுவைக்குப் பிறகு 2018 வரை வாழ்ந்தார் என்பது எங்களுக்குத் தெரியும். அப்பா வேண்டாம் என்றார், இரண்டு முறை கேட்டும் அதையே சொன்னார்.

கடையின் சேவைக்குத் திரும்புகிறேன். மாத வாடகை 5,500 ரூபாய், முன்பணம் 20,000. வாடகைத் தேதிக்கு இரண்டு நாள் முன்பே அழைப்பு வந்துவிடும். வடிகட்டி மாற்ற வேண்டும் என்று நாம் அழைத்தால் ஆள் வர நான்கு நாள் ஆகும். இரவில் அழைக்கக் கொடுத்த எண்ணை ஒரே ஒருமுறை அழைத்தேன், எடுக்கவில்லை. அழுத்த அமைப்பை மாற்ற அவர்களே முன்வந்தார்கள், நான் விடவில்லை. மருத்துவர் எழுதிக்கொடுக்காமல் அந்த எண்களைத் தொட யாரையும் அனுமதிக்காதீர்கள். பழைய கருவியை விலைக்கு வாங்க நினைப்பவர்கள் தயாரிப்பு ஆண்டைப் பார்த்து வாங்க வேண்டும். சத்தத்தைக் குறைக்க உள்ளே வைத்த நுரைப்பொருள் சிதைந்து காற்றில் கலக்கக்கூடும் என்று பிலிப்ஸ் நிறுவனம் 2021 ஜூன் மாதம் தன் கருவிகள் பலவற்றைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. அந்தக் காலத்துக் கருவி என்றால் வரிசை எண்ணைச் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

அப்பா மூச்சுத் திணறித் துடிப்பாரோ என்ற பயம் எங்கள் எல்லாருக்கும் இருந்தது. இந்த நோயில் பெரும்பாலானோருக்கு அப்படி நடப்பதில்லை, கரியமில வாயு ஏறி உறக்கம் ஆழமாகிக்கொண்டே போகும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார், அப்படித்தான் நடந்தது. அதிகாலை நான்கரைக்கு அம்மா என்னை எழுப்பியபோது கருவி நிமிடத்துக்கு 14 என்று தன் கணக்கில் ஓடிக்கொண்டிருந்தது. அணைக்கும் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடிக்க வேண்டும் என்பது எனக்கு அப்போது மறந்துபோயிருந்தது.

திருப்பிக் கொடுத்த அன்று கடைக்காரர் கருவியை ஓட்டிப் பார்த்து, குழாயை ஓரமாக வைத்து, பின்பக்க வடிகட்டியின் மூடி இல்லை என்று 600 ரூபாயைப் பிடித்துக்கொண்டு மீதி முன்பணத்தைக் கொடுத்தார். நான் எதுவும் சொல்லவில்லை. நான் படியிறங்கும்போது இன்னொருவர் அதே நிறத்து மருத்துவச் சீட்டோடு உள்ளே போய்க்கொண்டிருந்தார். திரும்ப உள்ளே போய், அந்தச் சீட்டில் எஸ்/டி என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்துச் சொல்லிவிட்டு வந்தேன்.